பேசாது, ஆனா பாடும்

போன வாரம் என் சித்தி மகன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். திருநெல்வேலியில காலேஜ் படிக்கிறான். "அண்ணே, ஒரு ஐபோன் வருது. 4,000 ரூவாதான். சிம் மட்டும் எடுக்காதாம். வைஃபைல பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம். எனக்கு அது போதும். வாங்கட்டா?"

உடனே பதில் சொல்ல வரல. ஏன்னா, இந்தக் கதை எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கு. அந்தப் போன் இப்பவும் என் மேஜை மேல கிடக்கு. சிவப்பு கலர், பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் ஓட்டை. பிராண்டு பேரு 'நோக்லா'. நான் தப்பா வாசிக்கல. 'ஐ' எழுத்து இருக்க வேண்டிய இடத்துல 'எல்' இருக்கும். 2008-ல எங்க மாமா 2,800 ரூபாய்க்கு வாங்கினார். 2009 டிசம்பர் 1-ஆம் தேதி அது போனா இருக்கிறத நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் 6 வருஷம் எங்க ஆலங்குளம் வீட்டுத் தார்சாவுல அது பாடிக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைப் பிரிச்சு வெச்சுக்கணும். 'போன் பிளாக் ஆயிடுச்சு'ன்னு நாம ரெண்டு வேற வேற சங்கதிகளுக்குச் சொல்றோம். ஒண்ணு, பூட்டு. போனை மலிவா குடுக்கிற கம்பெனி, என் சிம்மைத் தவிர வேற சிம் போட முடியாதுன்னு போனுக்குள்ளேயே பூட்டி வெச்சிருக்கும். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்து குடுக்கிற போன்ல இதைப் பார்த்திருப்பீங்க. இன்னொண்ணு, கறுப்புப் பட்டியல். இது போனுக்குள்ள இல்ல, நெட்வொர்க்ல இருக்கு. ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ-ன்னு 15 இலக்க எண் ஒண்ணு உண்டு. *#06# அடிச்சுப் பாருங்க, வரும். போனை ஆன் பண்ணதும் நெட்வொர்க் அந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தன் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். கறுப்புப் பட்டியல்ல இருந்தா டவர் கதவைச் சாத்திடும்.

ரெண்டுலயும் சாகிறது பேச்சு மட்டும்தான். திரை, ஸ்பீக்கர், மெமரி கார்டு எதுக்கும் ஒண்ணும் ஆகாது. அப்போ அந்த மீதி யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியை உலகத்துல ரொம்பப் பேரு கவனிச்சது 2007-ல. ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்காவுல முதல் ஐபோன் வந்துச்சு. ஏடி அண்ட் டி நெட்வொர்க் மட்டும்தான். சிம் போடலன்னா பேச முடியாதுங்கிறது நியாயம். ஆனா அந்தக் கம்பெனியில கணக்குத் தொடங்கி 'ஆக்டிவேட்' பண்ணாத வரைக்கும் அந்தப் போன்ல பாட்டுகூட கேட்க முடியாது. காசு குடுத்து வாங்கின பொருள், கையில கல்லு மாதிரி இருக்கும். ஜான் லெக் யோஹான்சென் அப்படின்னு ஒரு நார்வேக்காரர். டிவிடி பூட்டை உடைச்சதால 'டிவிடி ஜான்'னே பேரு. அவர் ஒரு வாரத்துக்குள்ள, ஏடி அண்ட் டி பக்கமே போகாம ஐபோனை ஆக்டிவேட் பண்ற வழியை வெளியிட்டார். அவர் வழியில போன் பேசாது, ஆனா ஐபாட் வேலை செய்யும், வைஃபை வேலை செய்யும். என் தம்பி இன்னைக்குக் கேட்கிற அதே பண்டம்தான். ஆகஸ்ட் மாசம் ஜார்ஜ் ஹாட்ஸ்னு 17 வயசுப் பையன் பூட்டையே முழுசா உடைச்சு, அந்தப் போனை ஒரு காருக்கும் மூணு புது ஐபோனுக்கும் மாத்திக்கிட்டான். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ டிவிடி ஜான் செஞ்சதுதான் பெரிய விஷயமா தோணுது. அவர் பேச்சைத் திருடல. மீதியை மட்டும் கேட்டார்.

நம்ம ஊருக்குப் பூட்டு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 2002 டிசம்பர் 28, திருபாய் அம்பானி பிறந்த நாள் அன்னைக்கு ரிலையன்ஸ் மொபைல் சேவையைத் தொடங்கினாங்க. 2003 ஜூலையில 'மான்சூன் ஹங்காமா'ன்னு ஒரு திட்டம் வந்துச்சு. 501 ரூபாய் கட்டினா போன் கையில, மீதி மாசத் தவணை. அதுவரைக்கும் செல்போன்ங்கிறது காண்ட்ராக்டர், டாக்டர் சட்டைப் பையில மட்டும் இருந்த சாமான். அது முதல் தடவையா காய்கறிக் கமிஷன் கடைக்கு, டிரைவர் சீட்டுக்கு வந்துச்சு. ஆனா அது சிடிஎம்ஏ தொழில்நுட்பம். சிம்முன்னு ஒரு சாமானே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே எழுதியிருக்கும். தவணை நின்னு கனெக்‌ஷன் போச்சுன்னா அந்தப் போன் வேற எந்தக் கம்பெனிக்கும் ஆகாது. எங்க தெருவுல அப்படிச் செத்துப்போன எல்ஜி, சாம்சங் போன்களை வெச்சுத்தான் சின்னப் பிள்ளைங்க 'ஹலோ ஹலோ' விளையாடினோம். அதுல பாட்டு ஏத்த வழியில்ல. அதனால அதுக்கு ரெண்டாவது பிறவி கிடைக்கல.

நோக்லாவுக்குக் கிடைச்சுது.

சீனா போன் ஏன் அவ்வளவு மலிவு? தைவான்ல மீடியாடெக்னு ஒரு சிப் கம்பெனி. போன் செய்யத் தேவையான சிப், அதுக்கான மென்பொருள், எம்பி3 பிளேயர், கேமரா, எல்லாத்தையும் ஒரே பொட்டலமா குடுத்தாங்க. சீனாவோட ஷென்ஜென் நகரத்துல ஒரு சின்னப் பட்டறைகூட அந்தப் பொட்டலத்தை வாங்கி, மேல ஒரு டப்பா மாட்டி, போன்னு வித்துடலாம். ஆராய்ச்சிச் செலவு இல்ல. ஆனா அந்தப் பட்டறைங்க இன்னொரு செலவையும் மிச்சம் பிடிச்சாங்க. ஐஎம்இஐ எண்ணை முறையா பதிவு பண்ணி வாங்கணும். அதைச் செய்யல. சில போன்ல 15 இடத்துலயும் பூஜ்ஜியம். சிலதுல ஆயிரக்கணக்கான போனுக்கு ஒரே எண்.

வாங்கினவங்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ரெண்டு சிம், பெரிய திரை, மெமரி கார்டு, அப்புறம் அந்தச் சத்தம். கல்யாண வீட்டு ரேடியோ செட் மாதிரி அலறும். இதே வசதியெல்லாம் உள்ள பெரிய கம்பெனி போன் பல மடங்கு விலை. எங்க மாமா அதை பஸ்ஸுல சத்தமா வெச்சுட்டு வருவார்னு வீட்ல எல்லாருக்கும் கோபம். அது வேற கதை.

அரசாங்கத்துக்கு இந்தப் பூஜ்ஜியம் தலைவலி. எண் இல்லாத போனை யாரு வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியாது. 2008-லேயே தொலைத்தொடர்புத் துறை, எண் இல்லாத போன்களை நிறுத்துங்கன்னு கம்பெனிகளுக்குச் சொல்லிடுச்சு. அந்த நவம்பர்ல மும்பைத் தாக்குதல் நடந்ததும் அழுத்தம் கூடுச்சு. கெடு பல தடவை தள்ளிப் போய், கடைசியா 2009 நவம்பர் 30 நள்ளிரவுன்னு முடிவாச்சு. நாடு முழுக்க 2.5 கோடி போன் செத்துப்போகும்னு அப்போ பத்திரிகைகள்ல மதிப்பீடு வந்துச்சு. பாதுகாப்புக் காரணத்தை நான் குறை சொல்லல. ஆனா பாருங்க, அந்தப் போனை இறக்குமதி பண்ணவர் காசு பார்த்தாச்சு, மொத்த வியாபாரி பார்த்தாச்சு, கடைக்காரர் பார்த்தாச்சு. மொத்த நஷ்டமும் வரிசையோட கடைசியில நின்ன ஆள் தலையில விழுந்துச்சு. அவர் பில்லு கேட்கலன்னு நீங்க சொல்லலாம். பில்லு குடுக்கிற கடையில அவரால வாங்க முடிஞ்சிருந்தா அவர் ஏன் அங்க போகப்போறார்?

ஒரு வழி இருந்துச்சு. செல்போன் கம்பெனிகளோட சங்கம் ஒரு ஏற்பாடு பண்ணாங்க. குறிப்பிட்ட மையத்துக்குப் போய், 199 ரூபாய் கட்டி, அடையாளச் சான்று குடுத்தா, போனுக்குள்ள உண்மையான ஐஎம்இஐ எண்ணை எழுதிக் குடுப்பாங்க. மாமா விசாரிச்சார். பெரிய ஊருக்குப் போகணும், ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு, அதுக்கு மேல 199. "இவ்வளவும் செலவு பண்ணி இதைக் காப்பாத்துறதுக்கு, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்"னு விட்டுட்டார். நிறையப் பேர் அப்படித்தான் யோசிச்சாங்க. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற இந்திய பிராண்டுகள், அதே மாதிரி மலிவு, அதே ரெண்டு சிம், ஆனா முறையான எண்ணோட கடைக்கு வந்த காலமும் அதுதான்.

டிசம்பர் 1 காலையில மாமா எங்க வீட்டுக்கு வந்து போனைத் தூக்கிப் போட்டார். "எக்கா, இது இனி வெறும் டப்பா."

அம்மா பீடி சுத்திக்கிட்டு இருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கல. "பேசத்தான செய்யாது? பாடும்லா?"

400 ரூபாய்க்குப் பேரம் முடிஞ்சுது. கூடப்பிறந்தவன்கிட்டயே காசு குடுத்துத்தான் வாங்கினா. சும்மா வாங்கினா நாளைக்குத் திருப்பிக் கேப்பான்னு அவளுக்குத் தெரியும்.

தென்காசி மாவட்டத்துப் பக்கம் வராதவங்களுக்கு இதைச் சொல்லணும். ஆலங்குளம், கடையம், முக்கூடல் சுத்துவட்டாரத்துல பீடி சுத்துறது பெரும்பாலும் பொம்பளைங்க, வீட்லயே உக்காந்து. மடியில சுளகு, சுளகுல இலை, தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. அந்த ஆயிரத்தை முடிக்க ஒரு நாளோட பெரும்பகுதி போயிடும். கை வேலையில இருக்கும், கண்ணும் வேலையில இருக்கும். காது மட்டும் சும்மா. அதனாலதான் எங்க ஊர்ல டிவி வந்த பிறகும் ரேடியோ சாகல. டிவி கண்ணைக் கேக்குது. கண்ணை எடுத்தா இலை வீணாகும், வீணான இலைக்குக் கம்பெனியில கணக்குக் கேப்பாங்க. எங்க ஆச்சி தலைமுறைக்கு இலங்கை வானொலி, 1963-க்கு அப்புறம் திருநெல்வேலி வானொலி. அம்மாவுக்கு அந்தச் சிவப்பு டப்பா.

இன்னொரு காரணமும் உண்டு, கரண்ட். 2012-ல தமிழ்நாட்டுல மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு சென்னையில வளர்ந்தவங்களுக்கு முழுசாத் தெரியாது. இங்க 2 மணி நேரம். வெளி மாவட்டங்கள்ல மோசமான நாள்கள்ல 12 மணி நேரத்தையும் தாண்டும். எங்க ஊரைச் சுத்திக் காத்தாடி சுத்திக்கிட்டு இருக்கும், வீட்ல ஃபேன் சுத்தாது. அந்த இருட்டுல பாடின ஒரே சாமான் நோக்லாதான். நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி அதுக்கும் பொருந்தும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். முன்னாடி ஒரு டார்ச் லைட் வேற. ஒரு சார்ஜுல அம்மா ஒரு கட்டு இலையை முடிச்சுடுவா.

பாட்டு எங்க இருந்து வந்துச்சு? செல்போன் கடையில 'பாட்டு ஏத்தித் தரப்படும்'னு அட்டை தொங்கும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், ஒரு அண்ணன். ஒரு பாட்டு 5 எம்பின்னு வெச்சா, ஒரு ஜிபி கார்டுல 200 பாட்டு. அம்மாவுக்குப் பேரு தெரியாது, ரெண்டு வரி முனகுவா, நான் அதைக் கேட்டுட்டுப் போய் அந்த அண்ணன்கிட்ட முனகணும். அவர் சரியாக் கண்டுபிடிப்பார். இன்னைக்கு எந்தச் செயலியும் அந்த அண்ணன் அளவுக்கு என் முனகலைப் புரிஞ்சுக்கல. அந்தப் பாட்டு எல்லாம் திருட்டுப் பாட்டுதான், அதையும் சொல்லிடுறேன். 2004-லேயே தமிழ்நாட்டுல வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. பாட்டு ஏத்துற கடைக்காரங்க பயந்து பயந்துதான் பிழைச்சாங்க. இசையமைப்பாளருக்கு எங்க வீட்ல இருந்து ஒரு பைசா போகல.

இதைக் கேட்டுட்டு எங்க ஆச்சி ஒரு தடவை சொன்னா: "நாங்க பாட்டு கேக்கவே சர்க்காருக்குக் காசு கட்டினோம்ல." உண்மைதான். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி வீட்ல ரேடியோ வெச்சிருக்க உரிமம் வேணும். போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் கட்டணம். 1980-கள் வரைக்கும் இது இருந்துச்சு. தாத்தா ஒரு வருஷம் கட்டாம, ஆபீசர் வர்றார்னு கேள்விப்பட்டு ரேடியோவை நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வெச்சாராம். அவர் அவசரத்துல அணைக்க மறந்துட்டார்னும், குதிரு பாடிச்சுன்னும் ஆச்சி சொல்லுவா. அது எவ்வளவு தூரம் உண்மைன்னு நான் சோதிச்சுப் பார்க்கல.

இந்தக் கதையை ஆச்சி குரல்லயே உங்களுக்குப் போட்டுக் காட்டணும்னுதான் நினைச்சிருந்தேன். 2022-ல ஊருக்குப் போனப்ப 40 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். சென்னைக்குத் திரும்பி வந்த மூணாவது நாள், மின்சார ரயில்ல போன் போச்சு. பேக்கப் எடுக்கல. ஆச்சி அடுத்த தை மாசம் தவறிட்டா.

அதனாலதான் தம்பிக்கு உடனே 'வாங்கு'ன்னு சொல்ல வரல. 2009-ல பிளாக் ஆன போன் யாரோடதும் இல்ல, மாமாவோடதுதான். அவர் காசு குடுத்து வாங்கினது. அதுல அம்மா பாட்டு கேட்டா, யாருக்கும் நஷ்டம் இல்ல. இன்னைக்கு நிலைமை வேற. 2023 மே 17-ல இருந்து நாடு முழுக்க சஞ்சார் சாத்தி தளம் இருக்கு. போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்து, அந்த எண்ணை எல்லா நெட்வொர்க்லயும் முடக்கலாம். இப்ப இந்தியாவுல ஒரு போன் கறுப்புப் பட்டியல்ல இருக்குன்னா, பெரும்பாலும் அதை யாரோ ஒருத்தர் தேடிக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். திருடினவனோ, அவன்கிட்ட வாங்கினவரோ சிம் போட்டா, அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். அப்படித்தான் போன் திரும்பக் கிடைக்குது. சிம்மே போடாம, வைஃபைல பாட்டு மட்டும் கேட்டா? அந்தத் தடம் விழவே விழாது. 'சிம் எடுக்காது, பாட்டு மட்டும் கேட்டுக்கோ'ங்கிறது சாதாரண வார்த்தை மாதிரி இருக்கும். ஆனா அது, போன் என்னைக்கும் உரியவர் கைக்குப் போகாம இருக்கிறதுக்கான வழியும்கூட. என் ஆச்சி குரலுக்கு மேல இப்போ யாரோ பாட்டு ஏத்திக் கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

பூட்டு வேற, அதை மறந்துடாதீங்க. அண்ணன், அக்கா யாராவது வெளிநாட்டுல தவணை கட்டி முடிச்ச போன், வேற சிம் எடுக்கலன்னா, அதைத் தாராளமா பாட்டுப் பெட்டியா வெச்சுக்கலாம். அந்தப் பூட்டுகளும் குறைஞ்சுக்கிட்டு வருது. அமெரிக்காவுல 2013 ஜனவரியில அனுமதியில்லாம பூட்டை எடுக்கிறது சட்ட விரோதம்னு ஆச்சு, ஒரு லட்சத்துக்கு மேல ஜனங்க மனு போட்டாங்க, 2014 ஆகஸ்ட்ல அதை மாத்திச் சட்டமே வந்துச்சு. பிரிட்டன்ல 2021 டிசம்பர்ல இருந்து பூட்டின போன் விக்கவே கூடாது. நம்ம ஊர்ல 2017-ல வந்த ஜியோபோன் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்குக் கிடைச்சுது, ஜியோ சிம் மட்டும் எடுக்கும். நோக்லா பேட்டரி உப்பிப்போன பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்த அம்மா, அப்புறம் அதைத்தான் வாங்கினா. இப்ப அவ யார்கிட்டயும் முனக வேண்டாம்.

தம்பிக்குப் போன் போட்டேன். "கேஒய்எம்-னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த 15 நம்பரை அடி. 14422-க்கு மெசேஜ் அனுப்பு. என்ன வருதுன்னு சொல்லு." ஐபோன்ல இன்னொரு விஷயமும் உண்டு. 2013-ல இருந்து ஆக்டிவேஷன் லாக்னு ஒண்ணு. பழைய உரிமையாளர் அவர் கணக்கை எடுக்கலன்னா, போனை அழிச்சுப் புதுசா ஆரம்பிக்கிறப்போ பாட்டுகூட வராது, 2007 மாதிரி மறுபடியும் கல்லு. இந்தப் போன்ல அந்த லாக் இல்ல. அதனால கடைக்காரர் சொன்னது சரிதான். நல்லாவே பாடும். நம்பரை மாத்திக் குடுக்கவான்னும் கேட்டிருக்கார். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதுக்கு 3 வருஷம் வரைக்கும் சிறை, 50 லட்சம் வரைக்கும் அபராதம். அதைத் தம்பிகிட்ட சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

பத்து நிமிஷத்துல ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. கறுப்புப் பட்டியல்.

"அண்ணே, நான் 500 அட்வான்ஸ் குடுத்துட்டேனே. திருப்பிக் கேட்டா தரமாட்டேங்கான்."

"யாரு போன்னு கேட்டியால?"

"வாங்கி வித்தது, எனக்கென்ன தெரியும்ங்கான்."

500-ஐ நான் அனுப்பி வெச்சேன். போலீஸ்ல போய்ச் சொல்லுன்னேன், காலேஜ் பையன், பயப்படுறான். நானே அடுத்த வாரம் ஊருக்குப் போறப்ப போகணும்னு இருக்கேன். நேத்து அந்தப் பக்கம் போனானாம். போன் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருக்காம். விலை 3,500-ன்னு மாத்தி ஒட்டியிருக்காங்களாம்.